எந்தப் பக்கம் அழுத்தினீர்கள்?

"ஸ்க்ராகிங்கில் இதைவிடப் பலமாகத்தானே சார் அழுத்துகிறோம், அப்போது போகாத பீனிங் இப்போது மட்டும் எப்படிப் போகும்?" என்று அந்த பிரஸ் ஆபரேட்டர் கேட்டது முட்டாள்தனமான கேள்வி அல்ல. ஷாட் பீனிங் (உருக்குக் குண்டுகளை அடித்து மேற்பரப்பை வலுப்படுத்துவது) முடிந்து வந்த லாரி லீஃப்களில், அதாவது பாரம் தாங்கும் வில் தகடுகளில், கேம்பர் எனப்படும் வளைவு அளவுக்கு வராதவற்றை அவர் பிரஸ்ஸில் வைத்து வளைத்துச் சரிசெய்து, மற்றவற்றோடு சேர்த்து அடுக்கியிருந்தார். அந்த பேட்ச் முழுவதையும் நான் நிறுத்திவைத்தேன். அவர் கேள்விக்கு "திசை வேறு அண்ணா" என்று மட்டும் சொன்னேன்.

அந்த இரண்டு சொற்களுக்குள் இருந்ததை நின்று விளக்கியிருந்தால் இப்படித்தான் சொல்லியிருப்பேன். லீஃபில் விரிசல் பெரும்பாலும் இழுவிசை ஏறும் முகத்தின் மேற்பரப்பில் தொடங்குகிறது. வேகமாக வந்து மோதும் உருக்குக் குண்டுகள் அந்த மேற்பரப்பைப் பக்கவாட்டில் விரியச் செய்கின்றன. அடியிலுள்ள உலோகம் அதை விரியவிடாமல் பிடித்துக்கொள்வதால், அரை மில்லிமீட்டருக்கும் குறைவான ஆழத்துக்கு ஓர் அமுக்கத் தகைவு, அதாவது உலோகத்தை உள்நோக்கி நெருக்கும் விசை, அங்கேயே தங்கிவிடுகிறது. வண்டியின் பாரம் தரும் இழுவிசை முதலில் இந்த அமுக்கத்தைத் தீர்த்தாக வேண்டும் என்பதால்தான் அயர்வு வலிமை, அதாவது திரும்பத் திரும்ப ஏறும் பாரத்தைத் தாங்கும் திறன், கூடுகிறது. ஸ்க்ராகிங்கில் லீஃபை பாரம் ஏறும் திசையிலேயே, நிரந்தரமாகச் சற்றுப் படியும் அளவுக்கு அழுத்துகிறோம். விட்டதும் அதே முகத்தில் அமுக்கம் இன்னும் கூடுகிறது. எதிர்த்திசையில் அதே அளவு வளைத்துவிட்டால், அந்த முகத்தில் இழுவிசை எஞ்சி, பீனிங் கொடுத்ததைத் தின்றுவிடுகிறது.

எந்தப் பக்கம் அழுத்தினீர்கள் என்று கேட்டபோது, "கோணல் எந்தப் பக்கமோ அதற்கு எதிர்ப்பக்கம்" என்றார். வேறு எப்படிச் சொல்லியிருக்க முடியும்? இழுவிசை ஏறும் குழிந்த முகத்தில் மட்டும் பீனிங் செய்தால் லீஃப் சற்று நிமிர்ந்து கேம்பர் குறையும். குறைந்ததைக் கூட்ட வேண்டுமென்றால் தீங்கான திசையில்தான் வளைத்தாக வேண்டும். ஜெனரல் மோட்டார்ஸின் ஜான் ஆல்மென் 1944-இல் காப்புரிமை பெற்ற சோதனை இதே வளைவை நம்பித்தான் நிற்கிறது: 76 மில்லிமீட்டர் நீளமும் 19 மில்லிமீட்டர் அகலமும் கொண்ட ஒரு உருக்குத் தகட்டின் ஒரு முகத்தில் மட்டும் குண்டுகளை அடித்து, கழற்றியதும் அது எவ்வளவு வளைகிறது என்று அளப்பது, அடிக்கும் நேரத்தை இரட்டிப்பாக்கியும் அந்த வளைவு 10 சதவீதத்துக்கு மேல் கூடாவிட்டால் செறிவு வந்துவிட்டது என்று கொள்வது. தகட்டில் அந்த வளைவைப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்திட்டோம். லீஃபில் அதே வளைவுக்கு ரிஜெக்ட் என்று பெயர் வைத்தோம்.

நிறுத்தியது சரிதான் என்றே இன்றும் நினைக்கிறேன். ஆல்மென் தகடு இயந்திரத்தின் அடியைப் பற்றிச் சொல்லுமே தவிர, அதற்குப் பிறகு லீஃபுக்கு என்ன நடந்தது என்பதைச் சொல்லாது. 10 மடங்கு லென்ஸில் பார்த்தாலும் குண்டுகள் பதித்த குழிகள் அப்படியேதான் இருந்தன. தகைவு போனாலும் குழி போகாது. எஞ்சிய தகைவை அளக்கும் எக்ஸ்-கதிர்க் கருவி எங்களிடம் இல்லை. எந்த லீஃப் பிரஸ்ஸுக்குப் போனது, எது போகவில்லை என்று பிரிக்கவும் வழியில்லை.

ஆனால், "அப்படியானால் கேம்பர் வராததை நான் என்ன சார் செய்வது?" என்று அவர் அடுத்துக் கேட்டதற்கு, சிவப்புப் பெட்டியில் போடுங்கள் என்றேன். "பெட்டி நிறைந்தால் யார் சார் பதில் சொல்வது?" என்றார். அவர் இயந்திரத்தின் மேல் தொங்கிய பணிக் குறிப்பில் கேம்பரின் அளவு இருந்தது. அளவுக்கு வராவிட்டால் என்ன செய்வது என்பது இல்லை. தீர்வும் அவர் கையில் இருக்கவில்லை. குவென்ச்சுக்கு (சூடான லீஃபைச் சட்டென்று குளிர்விப்பதற்கு) முன் வளைக்கும் அச்சிலேயே, பீனிங் எடுத்துக்கொள்ளப்போகும் கேம்பரைக் கூட்டி வைத்திருக்க வேண்டும்.

நிறுத்திவைத்தவற்றிலிருந்து எடுத்த மாதிரிகள் அயர்வுச் சோதனையில் தேறின. உற்பத்திப் பிரிவு என்னைப் பார்த்தது. ஒரே பேட்ச்சிலேயே அயர்வு ஆயுள் பெரிதும் சிதறும், தேறிய சில லீஃப்கள் மிகப் பலவீனமான ஒன்றுக்காகப் பேச முடியாது என்று வாதிட்டேன். வாதம் சரி, ஆனால் மாதிரிகள் உடைந்திருந்தாலும் நான் சொன்னதுதான் சரியென்று ஆகியிருக்கும், உடையாதபோதும் அப்படியே ஆனது. எந்த முடிவும் என்னைப் பொய்யாக்க முடியாத இடத்தில் நான் நின்றிருந்தேன் என்பது பிறகுதான் உறைத்தது. மறுபடியும் பீனிங் செய்து, பாரச் சோதனையும் முடித்து அனுப்பினோம். அத்தோடு அந்த லீஃப்களுக்குக் கேடு வந்திருந்ததா என்பதை அறியும் வாய்ப்பும் போயிற்று.

பின்னர் அச்சைத் திருத்தினார்கள். பணிக் குறிப்பில் "பீனிங்குக்குப் பின் லீஃபை எந்தத் திசையிலும் பிரஸ்ஸில் வளைக்கக் கூடாது" என்ற வரி சேர்ந்தது. "எந்தத் திசையிலும்" என்பது நான் கேட்டுச் சேர்த்தது. இயற்பியல் அவ்வளவு கண்டிப்பாகச் சொல்லவில்லை, ஆனால் திசையைப் பார்த்து முடிவெடுக்கும் சுமையை பிரஸ்ஸில் நிற்பவர் மேல் ஏற்றக் கூடாது என்று கருதினேன்.

அவரை அதற்குள் லோடிங்குக்கு மாற்றியிருந்தார்கள். என் அறிக்கையில் அவர் பெயர் இல்லை. ஷிஃப்டும் இயந்திர எண்ணும் இருந்தன, அவை இல்லாமல் அப்படி ஒரு அறிக்கை எழுத முடியாது, அவை இருந்தால் பெயர் தேவையும் இல்லை. அவரே கேட்டு வாங்கிய மாற்றம் என்றும் சிலர் சொன்னார்கள். அது உண்மையாக இருக்கலாம். எனக்கு வசதியான செய்தி என்பதால் அதை விசாரிக்காமலே வைத்திருக்கிறேன்.