ஆர்கைல் காலுறையில் ஊசி இடும் கோடு

ஆர்கைல் காலுறையைப் பார்ப்பவர் கண்ணில் முதலில் படுவது அதன் பெரிய சாய்சதுரங்கள்தான். எனக்கோ, அந்தச் சாய்சதுரங்களின் மீது குறுக்கும் மறுக்குமாக ஓடும் மெல்லிய கோடுகளே அதன் உயிர் என்று தோன்றுகிறது. கையால் பின்னிய ஆர்கைல் காலுறைகள் பலவற்றில் அந்தக் கோடுகள் பின்னும்போதே உருவானவை அல்ல. பின்னி முடித்த பிறகு, மழுங்கிய முனையுள்ள ஊசியில் கம்பளி நூலைக் கோத்து, எம்பிராய்டரியாக இட்டவை. பின்னல் வேலையில் கைதேர்ந்தவர்கள் சிலர் இதைக் குறுக்கு வழி என்கிறார்கள். அந்தக் கோட்டுக்கு ஊசியே பொருத்தமான கருவி என்பது என் உறுதியான எண்ணம்.

இந்த உருவத்தை ஸ்காட்லாந்தின் மேற்குப் பகுதியிலுள்ள ஆர்கைலோடும், அங்கு ஆதிக்கம் செலுத்திய கேம்பெல் குலத்தின் டார்டன் எனப்படும் பல நிறக் கட்டத் துணியோடும் இணைத்துச் சொல்வது வழக்கம். பின்னிய காலுறை பரவுவதற்கு முன்பு, அந்நாட்டு மலைவாசிகள் நெய்த கட்டம் போட்ட துணியையே வெட்டித் தைத்துக் காலுக்கு அணிந்தார்கள். நெய்த துணி நேராக வெட்டினால் விரிந்து கொடுக்காது, கெண்டைக்காலில் படியவும் படியாது. ஆகவே அதைச் சாய்வாக, நம் தையற்காரர்கள் கிராஸ் கட்டிங் என்று சொல்லும் முறையில் வெட்டினார்கள். அப்படி வெட்டிய துணியில் சதுரங்கள் தம் முனைகளில் நிற்கும். டார்டனில் நெடுக்கும் குறுக்குமாக ஓடும் மெல்லிய கோடுகளும் அவற்றோடு சேர்ந்து சாய்ந்துவிடும். பின்னலுக்கு இந்தச் சாய்வு தேவையே இல்லை, ஏனெனில் பின்னிய துணி எந்தப் பக்கமும் விரியும். ஆனாலும் கண்ணுக்குப் பழகிய உருவம் பின்னலிலும் நிலைத்துவிட்டது. 1920களில், பின்னாளில் விண்ட்சர் கோமகன் என்று அறியப்பட்ட அன்றைய வேல்ஸ் இளவரசர் கால்ப் மைதானங்களில் இதை அணிந்தது நாகரிகமாகப் பரவியது. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் அமெரிக்கக் கல்லூரி மாணவிகள் தம் அன்புக்குரிய இளைஞர்களுக்காக ஆர்கைல் காலுறை பின்னுவதில் பெரும் ஆர்வம் காட்டினார்கள்.

இதன் பின்னல் முறைக்கு இன்டார்சியா என்று பெயர். ஒரே வரிசையில் இரு நிறங்களை மாற்றி மாற்றிப் பின்னும் ஃபேர் ஐல் போன்ற வேலைப்பாட்டில், பயன்படாத நிறத்தின் நூல் துணியின் உட்புறத்தில் கூடவே இழுபட்டுச் செல்லும். சாய்சதுரம் பெரிதாக இருக்கும்போது அப்படிச் செய்தால், உள்ளே நீண்டு தொங்கும் இழைகளில் கால்விரல் மாட்டிக்கொள்ளும், காலுறையின் நெகிழ்வும் குறைந்துவிடும். இன்டார்சியாவில் ஒவ்வொரு நிறத் திட்டுக்கும் தனித்தனியாக, நூல் சுற்றிய ஒரு சிறிய பாபின் உண்டு. நிறம் மாறும் இடத்தில் இரண்டு நூல்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒருமுறை முறுக்கிக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் அங்கே பிளவு விழும். இம்முறையில் வட்டமாகச் சுற்றிப் பின்னுவது எளிதன்று, ஏனெனில் சுற்று முடியும்போது நூல் தன் திட்டின் தவறான ஓரத்தில் நிற்கும். அதனால்தான் கணுக்கால் வரையுள்ள பகுதியை இரண்டு ஊசிகளில் தட்டையாகப் பின்னி, பின்பக்கம் மூட்டுவது மரபாயிற்று. கணுக்காலுக்குக் கீழே புறங்காலுக்கு மட்டும் வேலைப்பாடு தொடர, குதிகாலும் அடிப்பாதமும் ஒரே நிறத்தில் வரும். செருப்பிலும் ஷூவிலும் உராயும் இடத்தில் வேலைப்பாடு இல்லாதிருப்பது நல்லதே.

இப்போது பாபின்களை எண்ணிப் பார்ப்போம். காலைச் சுற்றி நான்கு சாய்சதுரங்கள் என்றால் அவற்றுக்கு நான்கு, இடையிலுள்ள பின்புலத் திட்டுகளுக்கு, இரு ஓரங்களையும் சேர்த்து, ஐந்து, ஆக ஒன்பது. கோடுகளையும் பின்னலிலேயே கொண்டுவர முயன்றால், ஒவ்வொரு சாய்சதுரத்துக்கும் இடம் போகும் கோடு ஒன்று, வலம் போகும் கோடு ஒன்று என்று மேலும் எட்டு சேர்ந்து பதினேழாகிவிடும். ஒவ்வொரு வரிசையின் முடிவிலும் பதினேழு நூல்களின் சிக்கலைப் பிரிக்க வேண்டியிருந்தால், கை பின்னுவதை மறந்து பிரிப்பதையே தொழிலாகக் கொள்ளும். அதைவிட முக்கியமான காரணம் வேறு. ஒற்றைக் கண்ணி, அதாவது பின்னலின் ஒரே ஒரு வளையம், அகலமே உள்ள கோட்டைப் பின்னலில் கொண்டுவரும்போது, அந்தக் கண்ணியின் இரு பக்கமும் நூல் முறுக்கப்படுவதால், அது சில இடங்களில் இறுகியும் சில இடங்களில் தளர்ந்தும் நிற்கும். கோடு நேராக ஓடாது.

ஊசியில் இடும்போது பயன்படும் தையலை டூப்ளிகேட் ஸ்டிச் என்பார்கள். பின்னிய கண்ணி ஒவ்வொன்றும் முகப்பில் வி வடிவில் தெரியும். அந்த வியின் அடிமுனையில் ஊசியை வெளியே எடுத்து, மேலுள்ள கண்ணியின் இரு கால்களுக்கும் அடியில் நுழைத்து, மறுபடியும் புறப்பட்ட அதே முனையில் இறக்கினால், புதிய நூல் பழைய நூலின் தடத்தையே பின்பற்றி அதை மூடிவிடும். சங்கிலித் தையலோ காம்புத் தையலோ பின்னலின் மேல் ஒரு கயிறு போலக் கிடந்து அதன் விரிவைத் தடுக்கும். டூப்ளிகேட் ஸ்டிச், நூலை இறுக்கி இழுக்காதவரை, கண்ணியோடு சேர்ந்தே விரிந்து சுருங்கும். காலுறை குதிகாலைத் தாண்டி ஏறும்போது நன்றாக விரிந்தாக வேண்டும் என்பதால் இது அலங்காரத்தோடு நின்றுவிடும் கேள்வியன்று. தேய்ந்துபோன குதிகாலுக்கு வலுவூட்டவும் இதே தையல்தான் உதவுகிறது.

சாய்கோட்டுக்கு இத்தையல் இவ்வளவு பொருந்துவதற்குக் காரணம், அடுத்த தையல் எப்போதும் பக்கத்திலேயே இருப்பதுதான். தனித்தனிப் புள்ளிகளை இடும்போது உட்புறத்தில் நூல் தாவ வேண்டியிருக்கும். சாய்கோட்டில் தாவலே இல்லை, உட்புறமும் சுத்தமாக இருக்கும். கோட்டின் சாய்வையும் கவனித்து அமைக்க வேண்டும். என் கைப்பின்னலில் அங்குலத்துக்கு 8 கண்ணிகளும் 11 வரிசைகளும் வருகின்றன. அதாவது கண்ணியின் உயரம் அதன் அகலத்தைவிடக் குறைவு. வரிசைக்கு ஒரு கண்ணி வீதம் நகர்ந்தால் சாய்சதுரம் சப்பையாகிவிடும். எனவே சாய்சதுரத்தின் விளிம்பை இரண்டு வரிசைக்கு ஒரு கண்ணி நகர்த்துகிறேன். அதற்கு இணையாகக் கோடும் ஒரே நிரலில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு தையல் ஏறி, பிறகு அடுத்த நிரலுக்குப் போகிறது. காலில் நீண்டு நிற்கும் அந்த நளினம் இந்த இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கிலிருந்து வருவது.

துணியை ஈரப்படுத்தி விரித்துக் காயவைத்த பிறகு, பின்பக்கத்தை மூட்டுவதற்கு முன்பே, அது தட்டையாக இருக்கும்போது கோடுகளை இட்டுவிடுங்கள். குழாயாக மூட்டிய பிறகு உள்ளே விரல் விட்டுத் தைப்பது வீண் சிரமம். கோட்டின் நூல், பின்னிய நூலின் பருமனிலேயே இருக்கட்டும். மெல்லியதானால் அடியிலுள்ள நிறம் எட்டிப் பார்க்கும், தடித்ததானால் முண்டும். வெளிர் நிறச் சாய்சதுரத்தின் மேல் சிவப்போ கருநீலமோ வைப்பதாக இருந்தால், அந்த நூலில் ஒரு துண்டை வெள்ளைத் துணியோடு நனைத்துச் சாயம் இறங்குகிறதா என்று முதலில் பார்த்துவிடுவது அவசியம். நிறத்தைப் பொறுத்தவரை, சாய்சதுரத்திலும் பின்புலத்திலும் இல்லாத மூன்றாவது நிறம் ஒன்றையே நான் தேர்ந்தெடுக்கிறேன். கரும்பச்சையும் சாம்பலும் அடுத்தடுத்து நிற்கும் காலுறைக்குக் கடுகு மஞ்சள் கோட்டைவிடச் சிறந்ததை நான் இதுவரை கண்டதில்லை.