இழைக்குப் பயந்த பேத்தியும் பிள்ளையார்பட்டியும்

கோடை விடுமுறைக்குப் பேத்திகள் இரண்டு பேரும் பெங்களூரிலிருந்து வந்திருந்தார்கள். பெரியவளுக்கு ஒன்பது வயது, சின்னவளுக்கு ஐந்து. நகரக் கோயில் ஒன்பதையும், அதாவது எங்கள் நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) குடும்பங்கள் ஒவ்வொன்றும் ஒன்றில் சேர்ந்திருக்கிற கோயில்களை, இந்தத் தடவை காட்டிவிடுவது என்று நான் பெரிய திட்டமே போட்டு வைத்திருந்தேன், இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரைக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி என்று விரல் விட்டு எண்ணச் சொல்லியும் கொடுத்தேன். வெயிலில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒன்பது கோயிலா என்று என் வீட்டுக்காரர் சிரித்தார். கடைசியில் போனது மூன்று கோயில்தான், அதிலும் ஒன்று இந்த ஒன்பதில் சேராது.

பெரியவளுக்கு முதலில் ஒரு சந்தேகம். "நம்ம கோயில் எது ஆயா?" நான் பிறந்தது இலுப்பைக்குடிக் கோயில், வாக்கப்பட்டது பிள்ளையார்பட்டி, உன் ஆத்தா, அதாவது என் மகள், மாத்தூருக்கு வாக்கப்பட்டாள், அதனால் நீ உன் அப்பச்சி (அப்பா) வழியில் மாத்தூர் என்றேன். "அப்ப கல்யாணம் ஆனா எனக்கும் மாறிடுமா?" ஆமாம், இரண்டு கோயிலிலிருந்தும் மாலை வந்தால்தான் திருப்பூட்டு, அதாவது தாலி கட்டுவது, என்று சொன்னதும் மாலை பெரிதாக இருக்குமா என்று கேட்டாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

சின்னவளுக்கு வேறு பிரச்சினை. போன மார்கழியில் பிள்ளையார் நோன்புக்கு வந்திருந்தாள். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன், கார்த்திகை தீபத்திலிருந்து 21 நாள் கழித்து, சஷ்டியும் சதயமும் கூடுகிற நாளில் எங்கள் வீடுகளில் இந்த நோன்பு. புது வேட்டியிலிருந்து உருவிய 21 நூலைத் திரியாக்கி, இழை மாவில் வைத்து, நெய்விட்டு ஏற்றி, வீட்டுப் பெரியவர் எடுத்துக் கொடுக்க, எரிகிற சுடரோடு அந்த மாவை, அதுதான் இழை, அப்படியே வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். எத்தனையோ வருஷமாகச் செய்கிறேன், வாய் மூடியதும் அணைந்துவிடும், ஒன்றும் ஆகாது. ஆனால் ஐந்து வயதுப் பிள்ளைக்கு அது தெரியுமா? பட்டாலைத் (வீட்டுக் கூடத்துத்) தூணுக்குப் பின்னால் போய் உட்கார்ந்து வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். அவள் ஐயா, அதான் என் வீட்டுக்காரர், கெஞ்சியும் நடக்கவில்லை. எனக்கு அன்றைக்குக் கோபம் வந்தது உண்மை. நாலு பேர் முன்னால் இப்படிப் பண்ணுகிறதே என்று.

காலையில் ஆறரைக்கெல்லாம் பிள்ளையார்பட்டிக்குக் கிளம்பிவிட்டோம். வாசலில் அருகம்புல் மாலை வாங்கும்போதே சின்னவள் என் சேலையைப் பிடித்து இழுத்து, "இந்தப் பிள்ளையாரும் தீ குடுப்பாரா?" என்றாள். இல்லையடி, இங்கே தரிசனம் மட்டும்தான் என்று சமாதானம் சொல்லி உள்ளே கூட்டிப்போனேன். கூட்டம் அதிகமில்லை. கற்பக விநாயகர் வடக்கு பார்த்துப் பாறையிலேயே உட்கார்ந்திருக்கிறார், மலையைக் குடைந்து உள்ளேயே செதுக்கியது, தும்பிக்கை வலது பக்கம் வளைந்திருக்கும். நான் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு பேராகச் சொல்லி வேண்டிக்கொண்டிருக்கும்போது பக்கத்திலிருந்து குரல். "ஆயா, இவருக்கு ரெண்டே கைதான். நம்மள மாதிரி." கண்ணைத் திறந்து பார்த்தேன். தெரிந்த விஷயம்தான், இரண்டு கைப் பிள்ளையார் என்று ஊரே சொல்லும், ஆனாலும் நான் எண்ணிப் பார்த்ததே கிடையாது. வாக்கப்பட்ட நாளிலிருந்து கண்ணை மூடிக்கொண்டேதான் கும்பிட்டிருக்கிறேன் போல.

அடுத்து பெரியவள். பிள்ளையாரைச் சுற்ற வேண்டும் என்றாள். பாறையோடு பாறையாக இருக்கிறவரை எப்படிச் சுற்றுவது? "அம்மா அப்பாவை அவர் சுத்தினார், அவரை யாரும் சுத்த முடியாதா?" என்று கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை, பின்னால் நின்ற பெரியவர் ஒருவர் மட்டும் வாய்விட்டுச் சிரித்தார். குடைவரைக்குள் எக்காட்டூர்க் கோன் பெருந்தசன் என்று பழைய எழுத்தில் ஒரு பேர் வெட்டியிருக்கிறது, அவர்தான் இவரைச் செதுக்கிய சிற்பி என்பார்கள். அதைச் சொன்னதும் "கையெழுத்துப் போட்டிருக்காரா!" என்று அவளுக்கு ஒரே சந்தோஷம்.

தீபாராதனைத் தட்டு வந்தபோது சின்னவள் கையை நீட்டினாள், பக்கத்தில் வந்ததும் வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். நான் தொட்டு அவள் கண்ணில் ஒற்றிவிட்டேன்.

வைரவன்பட்டி பக்கம்தான். வளரொளிநாதரையும் வடிவுடை அம்மனையும் கும்பிட்டு வைரவர் சன்னதிக்கு வந்தால், சின்னவள் அவருடைய நாய்க்குப் பேர் வைக்கிறாள். என்ன பேர் என்று இங்கே எழுத வேண்டாம். அதற்குள் கல் சுட ஆரம்பித்துவிட்டது, இரண்டும் வெளிப்பிரகாரத்தில் தவளை மாதிரி குதித்துக்கொண்டு வந்தன, வீட்டுக்குத் திரும்பிவிட்டோம்.

சாயங்காலம் குன்றக்குடி மலை முருகன் கோயில். ஐந்து மணிக்கு மேலும் படி வெதுவெதுப்பாகத்தான் இருந்தது, என் முழங்காலுக்கு அது ஒத்தடம் மாதிரி இதமாக இருந்ததையும் சொல்ல வேண்டும். பாதியில் உட்கார்ந்து மருது சகோதரர்கள் கதை சொன்னேன். பெரிய மருதுவுக்கு ராஜபிளவை என்கிற கட்டி வந்து, இந்த முருகன் விபூதியால் குணமானதாகவும், அதற்குப் பிறகு அவர்கள் இந்தக் கோயிலுக்கு நிறையத் திருப்பணி செய்ததாகவும் சொல்வார்கள். அவர்களை 1801இல் வெள்ளைக்காரர்கள் பக்கத்தில் திருப்பத்தூரில்தான் தூக்கிலிட்டார்கள் என்றதும் இரண்டும் கொஞ்ச நேரம் பேசவில்லை. மேலே அவர்கள் சிலையையும் காட்டினேன்.

சண்முகநாதர் ஆறு முகமும் பன்னிரண்டு கையுமாக மயில்மேல் இருக்கிறார். "தம்பிக்குப் பன்னெண்டு, அண்ணனுக்கு ரெண்டா?" என்று பெரியவள் கணக்குப் பார்க்க ஆரம்பித்தாள். தட்டு வந்தது. சின்னவள் என்னையும் பார்க்கவில்லை, அக்காவையும் பார்க்கவில்லை, நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டு ஒரு விரலை மட்டும் சுடர் மேல் காட்டி எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நான் ஒன்றும் சொல்லவில்லை.

இறங்கி வரும்போது காற்று நன்றாக அடித்தது. என் கையைப் பிடித்தபடி ஒவ்வொரு படியாகக் குதித்து வந்தவள் திடீரென்று கேட்டாள்.

"ஆயா, இழையைச் சின்னதாப் பண்ணலாமா?"

21 நூலைக் குறைக்க முடியாதுடி, மாவை வேண்டுமானால் குறைத்து வைக்கச் சொல்கிறேன் என்றேன்.

"யோசிச்சுச் சொல்றேன்" என்றாள்.