ஓன்லைன் கடைக் குறிப்புகள்: ஆடிப்பிறப்பு வரை

ஜூன் 3

வெப்சைட் ஓடுகிறது. காசு கட்டுகிற இடமும் வேலை செய்கிறது. மிளகாய்த்தூள், ஒடியல் மா (காயவைத்த பனங்கிழங்கில் இடித்தது), புழுக்கொடியல் (அவித்துக் காயவைத்த பனங்கிழங்கு), பனாட்டு (காயவைத்த பனம்பழக் களி), பனங்கட்டி (பனை வெல்லம்), மோர்மிளகாய் என்று எல்லாவற்றையும் விலையோடு ஏற்றியாயிற்று, இனி ஆட்கள் வரவேண்டியதுதான் பாக்கி. இப்போதைக்கு வருகிறவர்கள் எல்லாம் தெரிந்த முகங்கள். கணக்குப் பார்க்கிற பக்கத்தில் யாழ்ப்பாணம் என்று காட்டினால் அது நான், ரொறன்ரோ என்று காட்டினால் அது மச்சாள். சந்தையில் கடை போட்டால் போகிற வருகிறவர் கண்ணிலாவது படும், இது ஒழுங்கை முடக்கில் பெயர்ப்பலகையும் இல்லாமல் கடை திறந்த மாதிரி.

ஆடிப்பிறப்புக்கு, அதாவது ஆடி மாதம் பிறக்கிற நாளுக்கு, இன்னும் ஆறு கிழமை இருக்கிறது. அதுவரை என்னென்ன செய்கிறோம், எது உண்மையில் ஆளைக் கொண்டுவருகிறது என்று இங்கே எழுதிக்கொண்டே போகிறேன்.

ஜூன் 5

இன்றைக்கு கூகிள் சேர்ச் கொன்சோல். இலவசம்தான். கடை நம்முடையது என்று காட்ட ஒரு வரியைத் தளத்தில் ஒட்டவேண்டும், பிறகு சைட்மெப்பை, அதாவது தளத்தில் உள்ள பக்கங்களின் பட்டியலை, கொடுக்கவேண்டும். எதைத் தேடியவர்களுக்கு நம் பக்கம் காட்டப்பட்டது, எத்தனையாவது இடத்தில், எத்தனை பேர் உள்ளே வந்தார்கள், எந்த நாட்டிலிருந்து என்று எல்லாம் அதில் தெரியும். விளம்பரத்துக்குக் காசைக் கொடுக்க முதல் இதைத்தான் பார்க்கவேண்டும் என்பது என் எண்ணம். தம்பிக்கு அந்தப் பொறுமை கிடையாது, புதுத் தளத்துக்கு அதில் ஏதாவது தெரியவே நாள் எடுக்கும் என்றதும் போனை எடுத்துக்கொண்டு எழும்பிப் போய்விட்டான்.

கூகிள் வரைபடத்தில் கடையைப் போட்டால் என்ன என்று இவர் கேட்டார். வாடிக்கையாளர் நம்மிடம் நேரில் வரவேண்டும், இல்லாவிட்டால் நாம் அவர்களிடம் நேரில் போகவேண்டும், அப்படியான கடைக்குத்தான் அதில் இடம். முழுக்க ஓன்லைனில் நடக்கிற கடையை விதிப்படி போட முடியாது. வீட்டுக்கு வந்து வாங்கலாம் என்று அறிவித்தால் போடலாம். "படலையில ஆக்கள் வந்து நிண்டா நான் தூள் வறுக்கிறதோ, அவையோட கதைச்சுக்கொண்டு நிக்கிறதோ?" என்றா அம்மா. சரி, அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

ஜூன் 9

"பூஸ்ட் போடாமல் ஆர் அக்கா பாக்கப் போகினம்?" என்று தம்பி நச்சரித்துக்கொண்டே இருந்தான். பூஸ்ட் என்றால் காசு கட்டிப் பதிவைக் கூடுதல் பேருக்குக் காட்டுவது. பேஸ்புக்கில் இரண்டாயிரம் ரூபாவுக்கு, யாழ்ப்பாண மாவட்டத்துக்குள் மட்டும் ஒன்று போட்டுப் பார்க்கச் சொன்னேன். ஒடியல் மா படம். லைக் நன்றாக விழுந்தது, ஒருவர் தன் அப்பாச்சி காய்ச்சிய கூழைப் பற்றி நீளமாக எழுதினார், இன்னொருவர் இங்கே யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் இதைவிடக் குறைய எடுக்கலாம் என்று எழுதினார். அவர் சொன்னது முழு உண்மை. சந்தைக்கு சைக்கிளில் போய்வரக்கூடிய ஆள் கூரியர்க் காசு கொடுத்து ஒடியல் மா வாங்க என்ன தேவை? ஓர்டர் ஒன்றும் இல்லை.

தம்பி லைக்கைக் காட்டிச் சந்தோஷப்படுகிறான். எனக்கென்றால் அந்தச் சந்தைக்காரரின் ஒரு வரிதான் இரண்டாயிரத்துக்குப் பெறுமதி. பார்ப்பவர் எங்கே இருக்கிறார் என்பது தெரியாமல் விளம்பரத்தைப் பற்றிக் கதைத்துப் பிரயோசனம் இல்லை.

ஜூன் 12

போட்டோ எடுக்கிற நாள். பனங்கட்டிதான் பெரிய பாடு. அதை வார்க்கிற சின்ன ஓலைப்பெட்டியான குட்டானோடு வைத்து எடுத்தால் ஓலை மட்டும் தெரிகிறது, வெளியே எடுத்து வெள்ளைத் தாளில் வைத்தால் கறுப்பாகக் கல்லுத் துண்டு போலத்தான் விழுகிறது, போன் வெளிச்சத்தைப் போட்டால் எண்ணெய் பூசியது போல மினுங்குகிறது. கடைசியில் காலை ஏழு மணி வெயில் விறாந்தையில் சரிவாக விழுகிற நேரம், குட்டானின் ஓலையை ஒரு பக்கம் விரித்து, கட்டியைக் கையால் உடைத்து, உடைந்த முகம் வெளிச்சத்தைப் பார்க்கும்படி வைத்தேன். உள்ளே மணல் மணலாக, தேன் நிறத்தில், ஓரத்தில் ஓலையின் வரி அப்படியே பதிந்திருப்பது வரைக்கும் தெரிந்தது. இரண்டாவது படம் அம்மாவின் உள்ளங்கையில். எவ்வளவு பெரிய குட்டான் என்பதை 'கிராம்' கணக்கைவிடக் கை சொல்லிவிடும்.

போனில் எடுத்த படம் ஒவ்வொன்றும் நாலைந்து எம்பி. அப்படியே ஏற்றினால் டேட்டா குறைந்த போனில் பக்கம் திறந்து முடிவதற்குள் ஆள் போய்விடும். எல்லாவற்றையும் 200 கேபிக்குள் சுருக்கினேன். வட்ஸ்அப்பில் இணைப்பை அனுப்பும்போது கூடவே வருகிற சின்னப் படம் எது என்பதையும் தளத்திலேயே சொல்லிவிடலாம். அதை ஒழுங்குசெய்யாவிட்டால் கடையின் இலட்சினை மட்டும் வரும், இலட்சினைக்கு ஆருக்கும் வாயூறாது.

ஜூன் 13

படங்கள் ஏறியாயிற்று. மின்சாரம் போய் வந்ததில் பாதி நாள் வீண்.

ஜூன் 18

சேர்ச் கொன்சோலில் கொஞ்சம் தெரியத் தொடங்கிவிட்டது. விற்பனைப் பக்கங்களை ஒருவரும் தேடி வரவில்லை. ஒடியல் மா பக்கத்தின் அடியில் சும்மா ஒரு பந்தி எழுதியிருந்தேன், மாவைத் தண்ணீரில் ஊறவிட்டு, மா அடியில் படிந்த பிறகு மேல்தண்ணீரை வடித்துவிடவேண்டும், கசப்புப் போக அதைத் திரும்பவும் செய்யலாம், பிறகுதான் கூழுக்குள் கரைத்து விடவேண்டும் என்று. அதைத் தேடித்தான் வருகிறார்கள். கூழின் பெயரை ஆங்கில எழுத்தில் ஆளுக்கொரு விதமாக அடித்துத் தேடுகிறார்கள், ஆனால் கேள்வி ஒன்றுதான், எவ்வளவு நேரம் ஊறவிடுவது.

நாடுகள்: கனடா, பிரித்தானியா, அதற்குப் பிறகுதான் இலங்கை. இலங்கைக்குள்ளும் கொழும்பு, வெள்ளவத்தைப் பக்கம் என்று நினைக்கிறேன்.

அந்தப் பந்தியை எடுத்து ஒடியல் கூழுக்கென்று தனிப் பக்கமாக்கினேன். மீன், நண்டு, இறால், பயித்தங்காய், பிலாக்கொட்டை, மரவள்ளி எதை எப்போது போடுவது என்று அம்மா சொல்லச் சொல்ல எழுதியது. மா வாங்குகிற இணைப்பு நடுவில் ஒரே ஒரு இடத்தில். பக்கம் முழுக்க 'இப்போதே வாங்குங்கள்' என்று கத்துகிற கடைகளைப் பார்த்தால் எனக்கே மூடிவிட்டுப் போகத்தான் தோன்றும்.

ஜூன் 21

வருகிறார்கள், வாசிக்கிறார்கள், வாங்காமல் போகிறார்கள். எங்கே நிற்கிறார்கள் என்று பார்த்தால் அனுப்பும் செலவு காட்டுகிற பக்கத்தில். அவர்களைக் குறை சொல்ல முடியாது. அரைக் கிலோ மாவுக்கு ஆகாயத் தபால் செலவு மாவின் விலையைத் தாண்டி நிற்கிறது. அதற்குமேல் கனடாவுக்குத் தபாலில் போகிற சாமானின் பெறுமதி 20 கனடா டொலரைத் தாண்டினால் அங்கே வரி கேட்க இடமிருக்கிறது. பிரித்தானியாவுக்கு நம் நாட்டிலிருந்து பால் சேர்ந்த உணவுகளைப் பொதியில் அனுப்பத் தடை இருக்கிறது, அதனால் மோர்மிளகாயை அந்த நாட்டுக்குக் காட்டாமல் மறைத்துவிட்டேன், சுங்கத்தில் போய் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க ஏலாது.

பின்னேரம் மச்சாள் வட்ஸ்அப்பில் எடுத்தாள். கதையோடு கதையாக, "மச்சாள், கோண்டாவிலில அம்மா தனிய இருக்கிறா. ஆடிப்பிறப்புக்கு அவவுக்குக் கூழ்ச் சாமான் குடுக்கேலுமோ? காசு நான் இங்க இருந்து போடுறன்" என்றாள். இங்கிருந்து கோண்டாவில் பத்து நிமிடம்!

ராத்திரி முழுக்க அதையே யோசித்துக்கொண்டு கிடந்தேன். காசு கட்டுகிறவர் ரொறன்ரோவில், சாப்பிடுகிறவர் கோண்டாவிலில். ஆகாயத் தபால் இல்லை, வரி இல்லை, சுங்கம் இல்லை. பிள்ளைகள் எல்லாம் வெளியில் போய், பெரிய வீட்டில் தாயும் தகப்பனும் மட்டும் இருக்கிற ஒழுங்கைகள் நம்மூரில் எத்தனை.

ஜூன் 25

ஆடிக்கூழ்ப் பெட்டி. இது ஒடியல் கூழ் இல்லை, பனங்கட்டி போட்டுக் காய்ச்சுகிற இனிப்புக் கூழ். உள்ளே பனங்கட்டிக் குட்டான், வறுத்து உடைத்த பயறு, வறுத்த பச்சை அரிசி மா, மிளகும் நற்சீரகமும் ஏலக்காயும் ஒரு பொட்டலத்தில், ஒரு முழுத் தேங்காய். தேங்காயைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டுவதும் பால் பிழிவதும் வீட்டில். கொழுக்கட்டைக்கும் சேர்த்துப் பயறும் மாவும் கூட வைக்கவேண்டும் என்று அம்மா பிடிவாதம், ஆடிப்பிறப்புக்குக் கூழ் மட்டும் காய்ச்சுகிற வீடு உண்டோ என்கிறா. வைத்தாயிற்று, விலையும் கொஞ்சம் கூடிவிட்டது.

பக்கம் எழுதத்தான் நேரம் எடுத்தது. வெளிநாட்டில் இருந்து தெரியாத கடைக்குக் காசு போடுகிற ஆளுக்கு என்னென்ன பயம் வரும் என்று ஒவ்வொன்றாக யோசித்து அதற்குரிய பதிலை எழுதினேன். எந்த எந்த ஊருக்குக் கொண்டுபோய்க் கொடுப்போம், எந்தத் திகதிக்குள் கையில் கிடைக்கும், போக முதல் அம்மாவுக்குப் போன் எடுப்போமா, கொடுத்ததற்கு என்ன அத்தாட்சி. அத்தாட்சிக்கு, அவர்கள் சம்மதித்தால் பெட்டியோடு ஒரு படம் எடுத்து அனுப்புவோம் என்று போட்டேன். விலை ரூபாவில், பக்கத்தில் டொலரிலும் பவுணிலும் அண்ணளவாக. பனங்கட்டியில் சீனி கலப்படம் இருக்குமோ என்று கேட்பார்கள், நியாயமான கேள்வி. அதற்கு வசனம் எழுதாமல், நாங்கள் எடுக்கிற இடத்தில் கருப்பநீர் (பதநீர்) காய்ச்சிக் குட்டானில் வார்க்கிற படங்களையே வரிசையாகப் போட்டுவிட்டேன்.

ஜூன் 29

யாரிடம் சொல்வது என்ற கேள்வி. வட்ஸ்அப் பிஸ்னஸில் ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்புகிற புரோட்காஸ்ட் பட்டியல் ஒன்றில் 256 பேரைச் சேர்க்கலாம், ஆனால் நம் இலக்கத்தைத் தங்கள் போனில் சேமித்து வைத்தவர்களுக்கு மட்டும்தான் செய்தி போய்ச்சேரும். ஆகவே எங்கேயோ வாங்கிய இலக்கங்களை அள்ளிப் போடுவதில் ஒரு பயனும் இல்லை, மரியாதையும் இல்லை. தம்பியின் சிநேகிதன் ஒருவன் அப்படி ஒரு பட்டியல் விற்கிறானாம். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

மச்சாள் தான் படித்த பள்ளிக்கூடத்தின் பழைய மாணவிகள் குழுவில் போட்டாள். குழுவில் நான் போட்டிருந்தால் அது விளம்பரம், அவள் "நான் அம்மாவுக்கு அனுப்புறன், வேற ஆருக்கும் வேணுமோ" என்று கேட்டது வேறு.

நேரக் கணக்கும் பார்க்கவேண்டியிருக்கிறது. கோடையில் ரொறன்ரோ நமக்கு ஒன்பதரை மணித்தியாலம் பின்னால், லண்டன் நாலரை. நான் காலை ஒன்பதுக்குப் போட்டால் ரொறன்ரோவில் இரவு பதினொன்றரை, எல்லாரும் படுக்கை. இப்போது காலை ஐந்தரைக்கு எழும்பிப் போடுகிறேன், அங்கே இரவு எட்டு, சாப்பிட்டு முடித்துப் போனோடு இருக்கிற நேரம். இரண்டாவது பூஸ்டும் போட்டோம், இந்தமுறை ரொறன்ரோவுக்கு மட்டும், தமிழில். தம்பிக்கு வெற்றிச் சிரிப்பு.

ஜூலை 5

ஓர்டர் வருகிறது! நல்லூர், உரும்பிராய், மானிப்பாய், சாவகச்சேரி, வெள்ளவத்தை. லண்டனில் இருந்து ஒரு ஐயா நெடுந்தீவில் இருக்கும் தமக்கைக்குக் கேட்டார். அதற்குக் குறிகட்டுவான் இறங்குதுறை வரை பெட்டியைக் கொண்டுபோய்ப் படகில் ஏற்றவேண்டும், அந்தப் பக்கம் ஆர் எடுப்பது என்று பேசி முடிக்க ஒரு பகல் போயிற்று. லாபம் என்று பார்த்தால் அதில் ஒன்றும் இல்லை. ஆனால் அந்த ஐயா தன் ஊர் ஒன்றியக் குழுவில் எழுதிவிட்டார், அன்றிரவே அந்தக் குழுவில் இருந்து கேள்விகள் வரத் தொடங்கிவிட்டன.

ஜூலை 12

கொழும்புக்கு அனுப்பிய ஒரு பெட்டியைக் கூரியர்க்காரர் பக்கத்து மாடியில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள், அந்த வீட்டுக்காரர் ஊரில் இல்லை. பெட்டிக்குக் காசு கட்டிய மகள் கனடாவில் இருந்து கோபமாக எழுதினா. வெள்ளவத்தையில் இருக்கும் சித்தியைக் கொண்டு வேறு பெட்டி கொடுப்பித்தோம், காசும் கேட்கவில்லை. கூரியர்க் கந்தோருக்குப் போன் எடுத்தால் ஒவ்வொரு தடவையும் வேறு ஆள், வேறு பதில். அந்த மகளின் கருத்தைத் தளத்தில் அப்படியே விட்டு, கீழே நடந்ததை எழுதினேன். அதை எடுத்துவிடச் சொல்லி இவர் சொன்னார். நான் மறுத்துவிட்டேன், எல்லாமே புகழ்ச்சியாக இருக்கிற கடையை நானும்தான் நம்பமாட்டேன்.

ஜூலை 16

வீடு முழுக்கப் பயறு வாசம். எழுத நேரமில்லை.

ஜூலை 20

கணக்குப் பார்த்தேன். ஒவ்வொரு இடத்துக்கும் வேறு வேறு இணைப்புக் கொடுத்திருந்ததால் எந்த வழியால் வந்தார்கள் என்று பிரித்துப் பார்க்கலாம். குழுக்களில் ஒருவர் சொல்லி வந்தவர்கள்தான் கூடுதலாக வாங்கியிருக்கிறார்கள். அடுத்தது ஒடியல் கூழ்ப் பக்கத்தை வாசித்துவிட்டுப் பெட்டிக்குப் போனவர்கள். ரொறன்ரோ பூஸ்டில் வந்தவர்கள் நிறையப் பேர், வாங்கியவர்கள் கொஞ்சம், ஆனாலும் போட்ட காசு திரும்பிவிட்டது. தம்பிக்கு இதைச் சொன்னால் பூஸ்டைக் கூட்டச் சொல்வான், சொல்லவில்லை.

எதிர்பார்க்காத ஒன்று: பெட்டி கிடைத்த அம்மாக்களே இப்போது போன் எடுக்கிறார்கள். பெட்டிக்குள் வைத்த அட்டையில் கியூஆர் கோடு போட்டிருந்தேன், அதை ஒருவரும் தொடவில்லை, கீழே பெரிய எழுத்தில் இருந்த போன் இலக்கத்தைத்தான் பார்த்து எடுக்கிறார்கள். ஒருவவுக்குத் தூள் வேண்டும், உறைப்புக் குறைத்து. இன்னொருவ குட்டான் ஒன்று இளகிவிட்டது என்று சொல்ல எடுத்தா, அரை மணித்தியாலம் கதைத்தா. அடுத்த அட்டையில் கியூஆர் கோடு சின்னன், இலக்கம் இன்னும் பெரிது.

ஜூலை 24

நல்லூர்க் கந்தசுவாமி கோயில் கொடியேற்றம் வருகிறது, வெளிநாட்டில் இருப்பவர்கள் வந்து இறங்கத் தொடங்கிவிட்டார்கள். இருபத்தைந்து நாள் திருவிழாவுக்கு வருகிறவர்கள் திரும்பிப் போகும்போது பெட்டி நிறையத் தூளும் புழுக்கொடியலும் கொண்டுபோவார்கள். பயணத்துக்கு முதல்நாள் ஓடித் திரியாமல் நிற்கிற வீட்டுக்கே கொண்டுவந்து தருவோம் என்று ஒரு பக்கம் போடப் போகிறேன், பொதியின் நிறையையும் கிராமில் எழுதி, விமானத்தில் கிலோக் கணக்குப் பார்க்கிறவர்களுக்கு அது முக்கியம். வந்து எடுக்கிறவர்களுக்குப் பின்னேரம் நாலில் இருந்து ஆறு வரை படலை திறந்திருக்கும், அம்மாவும் ஒருவழியாகச் சம்மதித்துவிட்டா. அப்படியென்றால் கூகிள் வரைபடத்திலும் போடலாம். நாளைக்குச் செத்தல் மிளகாய் எடுக்கச் சந்தைக்குப் போகவேண்டும், விலை ஏறமுன்.