மூன்று எச்சரிக்கை விளக்குகளும் ஒரே சென்சாரும்

கார் மீட்டரில் ஏபிஎஸ், சக்கரம் வழுக்கி வீணாகச் சுழலாமல் தடுக்கும் டிராக்‌ஷன் கன்ட்ரோல், மேட்டில் வண்டி பின்னுக்கு உருளாமல் பிடித்துவைக்கும் ஹில் ஹோல்டு ஆகிய மூன்றின் விளக்குகளும் ஒரே நேரத்தில் எரிந்தால், மூன்று பழுதுகள் சேர்ந்து வந்துவிட்டதாகவே பலரும் அஞ்சுகிறார்கள். பெரும்பாலும் பழுது ஒன்றுதான். இந்த மூன்று வசதிகளுக்கும் நான்கு சக்கரங்களிலுள்ள வேக சென்சார்களின் தகவல் தேவை. அவற்றில் ஒன்று பேசாமல் நின்றுபோனாலே கட்டுப்பாட்டுப் பெட்டி மூன்றையும் நிறுத்திவிடும். இது தெரியாதவரிடம் ஏபிஎஸ் யூனிட்டையே மாற்ற வேண்டும் என்று சொல்லிப் பெரிய தொகை கேட்பதும் நடக்கிறது என்பதால் இதைச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

முதலில் பார்க்க வேண்டியது நிறம். மஞ்சள் ஏபிஎஸ் விளக்கு மட்டும் எரிந்தால் வழக்கமான பிரேக் வேலை செய்யும். அழுத்திப் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் உதவிதான் இருக்காது. முன்னால் போகும் வண்டியிலிருந்து கூடுதல் இடைவெளி விட்டு, நிதானமாக ஒர்க்‌ஷாப் வரை ஓட்டிச் செல்லலாம். சிவப்பு பிரேக் விளக்கு அப்படியல்ல. ஹேண்ட் பிரேக்கை முழுவதும் இறக்கிய பிறகும் அது எரிந்தால், வண்டியை ஓரங்கட்டி பானட்டைத் திறந்து பிரேக் ஆயிலின் அளவைப் பார்க்க வேண்டும். அளவு குறைந்திருந்தால் பிரேக் பேட் தேய்ந்திருக்கலாம் அல்லது எங்கோ கசிகிறது. காரணத்தைத் தேடாமல் ஆயிலை ஊற்றி நிரப்பி விளக்கை அணைப்பது ஆபத்தானது. சிவப்பும் மஞ்சளும் சேர்ந்து எரிந்தால், முன், பின் சக்கரங்களுக்கு பிரேக் விசையைப் பங்கிடும் ஈபிடியும் நின்றிருக்கக்கூடும். அந்நிலையில் பலமாக பிரேக் பிடித்தால் பின்சக்கரங்கள் முதலில் பூட்டிக்கொண்டு வண்டி சுழன்றுவிடும் அபாயம் உண்டு என்பதால், டோ வண்டியை அழைப்பதே சரி. டிராக்‌ஷன் விளக்கு ஈரச்சாலையில் விட்டுவிட்டு மின்னினால் அது தன் வேலையைச் செய்கிறது என்று பொருள். அணையாமல் நிலையாக எரிந்தால்தான் பழுது, அல்லது யாரோ சுவிட்சை அழுத்தி அதை நிறுத்தியிருக்கிறார்கள்.

அடுத்தது, வண்டியில் பதிவாகும் பழுதுக் குறியீடுகளைப் படிக்கும் ஸ்கேனர். மலிவான புளூடூத் கருவிகளில் பல, பி (P) என்று தொடங்கும் எஞ்சின் குறியீடுகளை மட்டுமே படிக்கும். பிரேக் சார்ந்தவை சி (C) என்று தொடங்குபவை. ஏபிஎஸ் பெட்டியோடு பேசத் தெரிந்த கருவியில்தான் அவை கிடைக்கும். சி0035 என்று வந்தால் இடது முன்சக்கர சென்சாரின் மின்சுற்றில் கோளாறு என்று அர்த்தம். சுற்று என்பதில் சென்சார், வயர், கனெக்டர் எல்லாமே அடங்கும் என்பதால், குறியீட்டைப் பார்த்தவுடன் சென்சாரை வாங்க ஓடக் கூடாது. இன்னொருவர் வண்டியை மெதுவாக ஓட்ட, நான்கு சக்கரங்களின் வேகத்தையும் ஸ்கேனர் திரையில் பார்த்தால், மூன்று 20 கி.மீ. காட்டும்போது ஒன்று மட்டும் பூஜ்யத்தில் நிற்பது கண்ணுக்கே தெரிந்துவிடும்.

எங்கள் காரில் ஐப்பசி மழைக்குப் பிறகு இப்படித்தான் இடது பின்சக்கரம் பூஜ்யம் காட்டியது. சக்கரத்தைக் கழற்றி, உள்வளைவில் சேறு அப்பியிருந்த கனெக்டரைத் துடைத்துப் பிரித்தபோது, அதன் இரண்டு உலோக பின்களில் ஒன்றின்மேல் பச்சைக் களிம்பு கட்டியிருந்தது. தண்ணீரைத் தடுக்க வேண்டிய ரப்பர் வளையம் ஒரு பக்கம் வெடித்திருந்தது. பின்னைச் சுத்தம் செய்து வளையத்தை மாற்றியதோடு வேலை முடிந்தது, சென்சாரைத் தொடவே இல்லை.

கனெக்டரும் வயரும் சரியாக இருந்தால் மட்டுமே சென்சாரைச் சந்தேகிக்க வேண்டும். பழைய காந்தச் சுருள் வகையில் மல்ட்டிமீட்டரில் பொதுவாக 800 முதல் 2000 ஓம் வரை காட்டும். புதிய கார்களில் உள்ள, காந்தப்புல மாற்றத்தை மின்னணு முறையில் உணரும் ஹால் வகை சென்சாரை ஓம் அளவில் வைத்துச் சோதித்துப் பயனில்லை. அது 7, 14 மில்லி ஆம்பியர் என மாறி மாறி மின்னோட்டத்தை அனுப்புவது. வீல் பேரிங் மாற்றிய கையோடு விளக்கு எரியத் தொடங்கினால், பேரிங்கைத் திருப்பிப் போட்டுவிட்டார்களா என்று கேளுங்கள்: பல பேரிங்குகளில் ஒரு பக்கத்து சீலில்தான் காந்த வளையம் இருக்கும், அது சென்சாரைப் பார்த்து அமையாவிட்டால் தகவலே வராது. வீல் அலைன்மென்ட் பார்த்த பிறகு டிராக்‌ஷன் விளக்கு மட்டும் எரிந்தால், ஸ்டீயரிங் கோண சென்சாரை மறுபடி நேர்நிலைக்குப் பதியவைக்க வேண்டியிருக்கும்.

பழுதைச் சரிசெய்து குறியீட்டை அழித்த பிறகும் சில வண்டிகளில் விளக்கு உடனே அணையாது. சக்கரங்கள் சுழன்று நான்கு தகவல்களும் ஒத்துவந்த பின்பே கட்டுப்பாட்டுப் பெட்டி அதை அணைக்கும். ஆகவே மெக்கானிக்கையும் உடன் அழைத்துக்கொண்டு சிறிது தூரம் ஓட்டிப் பார்த்து, நான்கு வேகங்களும் திரையில் சேர்ந்து ஏறி இறங்குவதைக் கண்ட பிறகு பில்லுக்குப் பணம் கொடுங்கள்.