மஞ்சள் கொடியும் மூன்று இடமும்: நான் முறைப்பாடு கொடுத்த கதை

மேடுபள்ள மண்பாதையில் ஓடுகிற பைக் பந்தயம் ஒன்றில் தம்பி நாலாவதாக முடித்தான் என்று துள்ளிக்கொண்டிருந்தோம். பெறுபேற்றுத் தாளை ஒட்டியபோது அவன் ஏழாவது. பெயருக்குப் பக்கத்தில் நீலப் பேனாவால் "மஞ்சள் கொடி, 3 இடம்" என்று எழுதியிருந்தார்கள். தண்டனையாக மூன்று இடம் பின்னுக்குத் தள்ளியிருக்கிறார்கள்.

திருகோணமலையிலிருந்து இரவு இரண்டு மணிக்கு பட்டா லொறியில் பைக்கை ஏற்றி, கந்தளாய், ஹபரணை தாண்டி விடியப் போய்ச் சேர்ந்த பயணம் அது. அநுராதபுரச் சந்திக்குக் கிட்ட எங்களுக்குச் சின்ன கராஜ் ஒன்று இருக்கிறது. தம்பி அங்கே வேலை செய்துகொண்டே உப்புவெளிப் பக்கத்து மணலில் ஓடிப் பழகியவன். எந்தப் பந்தயம், யார் நடத்தியது என்பதெல்லாம் இங்கே தேவையில்லை. முறைப்பாடு எப்படிக் கொடுப்பது என்று அன்றைக்குப் போனில் தேடியபோது தமிழில் எதுவும் என் கண்ணில் படவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

நடந்தது இதுதான். ஆறாவது சுற்றில் பெரிய மேட்டுக்குப் பின்னால் ஒரு பையன் விழுந்து கிடந்தான். மேட்டின் இந்தப் பக்கத்திலிருந்து வருகிறவனுக்கு அவன் தெரியமாட்டான், அதற்காகத்தான் மார்ஷல் மேலே நின்று மஞ்சள் கொடியை ஆட்டுவார். கொடி ஆடினால் வேகத்தைக் குறைக்க வேண்டும், முந்தக்கூடாது, மேட்டிலிருந்து பைக்கைப் பறக்கவிடக்கூடாது, சில்லு நிலத்தில் உருண்டுதான் போக வேண்டும். தம்பி அந்த இடத்தில், ஒரு சுற்றுப் பின்தங்கி ஓடிய ஒருவனை முந்திவிட்டான். பிழைதான். ஆனால் அதே சுற்றில் அவனுக்கு முன்னால் போன, இரண்டாவதாக முடித்த பையன், அதே கொடிக்குக் கீழே மேட்டிலிருந்து முழுசாகப் பறந்தான். அவனுக்குப் போட்டி நடத்துநர் வாயால் ஒரு எச்சரிக்கை சொல்லி விட்டுவிட்டார்.

விதிப்புத்தகத்தை எடுத்தேன். ஆங்கிலத்தில் இருந்தது. தற்காலிகப் பெறுபேறு ஒட்டிய நேரத்திலிருந்து 30 நிமிடத்துக்குள், எழுத்தில், 15,000 ரூபாய் கட்டுப்பணத்தோடு கொடுக்க வேண்டும், போட்டிக்குப் பதிவுசெய்தவரே கையெழுத்திட வேண்டும். போர்முலா 1 கார்ப் பந்தயத்திலும் வழக்கமாக இதே அரை மணித்தியாலம்தான். அங்கே அதற்கென்றே ஆட்கள் இருப்பார்கள். எங்களிடம் இருந்தது லொறியின் பொனட்டும், தூசு பட்டுப் பட்டு எழுதாமல் நிற்கிற ஒரு பேனாவும்.

முதலில் "என் தம்பிக்குக் கொடுத்த தண்டனை அநியாயம்" என்றுதான் எழுதினேன். முன்பு பல வருடம் கொடி பிடித்த ஒரு ஐயா பக்கத்தில் நின்று வாசித்தார். "தம்பி, இப்பிடி எழுதினா பாக்காமலே தள்ளிருவாங்க. ஸ்டூவர்ட்மார், அதான் நடுவர்மார், குடுத்த தீர்ப்புக்கு மேல முறைப்பாடு குடுக்க ஏலாது, அது மேன்முறையீடு, அதுக்கு வேற வழி, வேற காசு. மற்றப் பெடியன் பறந்தது பிழை, அது ஸ்டூவர்ட்மாரிட்ட போகவே இல்ல எண்டு எழுதுங்க." அவர் சொன்ன பிறகுதான் எனக்கு விஷயம் விளங்கியது. தம்பியின் தண்டனையைத் தீர்மானித்தது ஸ்டூவர்ட்மார். மற்றவனுடையதை அவர்கள் பார்க்கவே இல்லை.

அந்த நேரத்தில் எனக்கு 2023 ஜெட்டா போர்முலா 1 பந்தயம்தான் ஞாபகம் வந்தது. அலொன்சோ மூன்றாவதாக வந்து மேடையேறி இறங்கிய பிறகு அவருக்கு 10 வினாடி தண்டனை போட்டார்கள். பிட்டில் (கார்கள் சில்லு மாற்ற வந்து நிற்கிற இடம்) 5 வினாடி தண்டனையைக் கழித்துக்கொண்டிருந்தபோது காரைத் தூக்குகிற பின்பக்க ஜாக் காரைத் தொட்டது, அந்த 5 வினாடிக்குள் காரில் வேலை செய்யக்கூடாது, தொட்டால் அது வேலை செய்ததாகக் கணக்கு என்பது காரணம். அவருடைய அஸ்டன் மார்ட்டின் அணி மறுபரிசீலனை கேட்டு, முன்பு இதேபோல ஜாக் தொட்டும் தண்டனை இல்லாமல் போன 7 சம்பவங்களின் வீடியோவைக் கொண்டுபோய்க் காட்டியது. அன்றிரவே தண்டனை நீங்கி மூன்றாவது இடம் திரும்பக் கிடைத்தது. அழுது ஒன்றும் வெல்லவில்லை அவர்கள், ஒப்பிட்டுக் காட்டி வென்றார்கள். எங்களிடமும் ஒரு வீடியோ இருந்தது: கூட வந்த நண்பன் மேட்டுக்கு எதிரே நின்று போனில் எடுத்தது. ஆடுகிற கொடியும், நிலத்தைவிட்டு எழும்பின இரண்டு சில்லும் ஒரே படத்துக்குள் இருந்தன. 11 நிமிடம் மிச்சமிருக்கக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

விசாரணை ஒரு தகரக் கொட்டிலில், சிங்களத்தில் நடந்தது. கராஜில் பேசிப் பழகின சிங்களம் என்பதால் எனக்குச் சமாளிக்க முடிந்தது, தம்பிக்கு நான் இடையிடையே சொல்லிக்கொண்டிருந்தேன். மூன்று ஸ்டூவர்ட்மார். முதல் கேள்வியே "உங்கட ஆள் முந்தினத ஒத்துக்கொள்றாரா?" என்பதுதான். ஓம் என்றேன். தம்பி என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. ஆனால் அதை மறுத்திருந்தால் நான் சொன்ன மற்றதெல்லாம் பொய்போலத் தோன்றியிருக்கும்.

அடுத்து ஒருவர், "மற்றவர் பறந்ததால ஒரு இடமும் கூடக் கிடைக்கேல்லயே" என்றார். எனக்கு இந்த வாதம் எங்கே கேட்டாலும் கோபம் வரும். மஞ்சள் கொடி இடத்துக்காக ஆட்டுவதில்லை, மேட்டுக்குப் பின்னால் கிடக்கிறவனின் முதுகெலும்புக்காக ஆட்டுவது. இடம் கிடைத்ததா, விளைவு என்ன என்று பார்க்கத் தொடங்கினால் ஒரே செயலுக்கு ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு தண்டனை வரும். 2021 சில்வர்ஸ்டோன் போர்முலா 1 பந்தயத்தில் ஹமில்டனோடு மோதி வெர்ஸ்டப்பன் ஆஸ்பத்திரிக்குப் போக, ஹமில்டன் 10 வினாடி தண்டனையோடு பந்தயத்தையே வென்றார், அது பலருக்கு இன்றைக்கும் வயிற்றெரிச்சல். எனக்கு அதில் குறை தெரியவில்லை, விளைவைப் பார்க்காமல் செயலைப் பார்த்துத்தான் அளந்தார்கள். நான் கேட்பது அந்த அளவுகோல் அடுத்த ஆளுக்கும் அதே நீளத்தில் இருக்க வேண்டும் என்பதைத்தான். இதை எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன், வடிவாக வரவில்லை, ஆனால் நடுவில் இருந்தவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

பிறகு மார்ஷலின் தாளை எடுத்து வரச் சொன்னார்கள். சதுரக் கோடு போட்ட கொப்பித்தாள். ஆறாவது சுற்று என்ற வரியில் தம்பியின் இலக்கமும், அதற்குக் கீழேயே மற்றவனின் இலக்கமும் இருந்தன. இரண்டுக்கும் எதிரே ஒரே மாதிரி ஒரு சரி அடையாளம். அதாவது மார்ஷல் இரண்டு பேரையும்தான் அறிவித்திருக்கிறார். நடுவில் எங்கேயோ ஒன்று வடிகட்டப்பட்டிருக்கிறது. யாரும் வேண்டுமென்று செய்ததாக நான் நினைக்கவில்லை. விதிப்புத்தகத்தில் அந்தத் தவறுக்கு எத்தனை இடம் என்று எண்ணே இல்லை, "ஸ்டூவர்ட்மாரின் விருப்பப்படி" என்று மட்டும் இருந்தது. எண் இல்லாத இடத்தில் அவசரமும் முகப்பழக்கமும் வந்து உட்கார்ந்துவிடும். போர்முலா 1 இலேயே தண்டனை வழிகாட்டியை எல்லோரும் பார்க்கும்படி வெளியிட 2025 ஜூன் வரை ஆகியிருக்கிறது.

முக்கால் மணித்தியாலம் வெளியே நின்றோம். தீர்ப்பு: மற்றவனுக்கும் 3 இடம். இரண்டிலிருந்து ஐந்து. கட்டுப்பணம் திரும்பக் கிடைத்தது. சரி, தம்பிக்கு? அவன் ஏழாவதாகவே இருந்தான். மற்றவன் கீழே வந்தும் அவனுக்கு மேலேதான். நாங்கள் கொடுத்த முறைப்பாட்டால் எங்களுக்கு ஒரு இடம்கூடக் கூடவில்லை. "இதுக்கா அண்ணா இவ்வளவு கரைச்சல்?" என்று தம்பி கேட்டான். முதலில் நாலாவதாக ஒட்டப்பட்டிருந்த பையன் இப்போது மூன்றாவது, பரிசளிப்பு முடிந்துவிட்டதால் அவனுக்குரிய கிண்ணத்தை வாகனங்களுக்கு நடுவில் வைத்துக் கொடுத்தார்கள். அவனுடைய அப்பா அதைத் தன் சேர்ட்டால் துடைத்துக்கொண்டே நின்றார். தம்பி அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போய்ப் பைக்கைக் கட்டத் தொடங்கினான்.

அடுத்த பந்தயத்தில், காலையில் ஓட்டுநர்களைக் கூப்பிட்டு விதிகளைச் சொல்கிற கூட்டத்தில், தம்பி கையைத் தூக்கி, மஞ்சள் கொடிக்குக் கீழே முந்தினால் எத்தனை இடம், பறந்தால் எத்தனை இடம் என்று கேட்டான், நான் சிங்களத்தில் சொன்னேன். இரண்டுக்கும் மூன்று என்றார்கள். அதை எல்லோர் முன்னாலும் இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டுதான் உட்கார்ந்தான்.