டேபிள் டெஸ்ட்டுக்குப் போகிறவர்களுக்கு: பதினேழாம் வாய்ப்பாட்டில் ஆரம்பியுங்கள்

கேசினோ மேசையில் ஆட்டம் நடத்தும் டீலர் வேலைக்கான செய்முறைத் தேர்வுதான் டேபிள் டெஸ்ட். இந்த வாரம் அதன் முடிவு வந்துவிட்டது. எண் சக்கரத்தில் பந்து உருட்டும் ரூலெட், சீட்டாட்டங்களான பக்காரா, பிளாக்ஜாக் மூன்றிலும் தேறிவிட்டேன். சிங்கப்பூரில் கேசினோ டீலர் பயிற்சியில் இருக்கும் நம் பிள்ளைகள் சிலர் எப்படித் தயாரானேன் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். எல்லாம் மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன். டெஸ்ட் எப்படி நடக்கும், எதிரே வாடிக்கையாளராக யார் உட்காருவார்கள், எதற்கு எவ்வளவு மதிப்பெண் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அதற்குள் போகவில்லை.

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்று. கணக்கு முதலில், கை அப்புறம். அந்தக் கணக்கிலும் பதினேழாம் வாய்ப்பாடு முதலில்.

எங்கள் வகுப்பில் கை வேகத்தைத்தான் எல்லோரும் பெரிதாகப் பேசினார்கள். சிப்ஸை, அதாவது பணத்துக்குப் பதிலாக வைக்கும் வட்டுகளை, ஒரே வீச்சில் ஐந்து ஐந்தாகப் பிரிப்பது, சீட்டை விசிறி போல் விரிப்பது, பந்தைச் சுண்டுவது. பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் டெஸ்ட்டில் தேர்வாளர் மேசை முழுக்கச் சிப்ஸைக் கொட்டி, பந்து விழுந்ததும் உங்கள் முகத்தைத்தான் பார்க்கிறார். எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று மனதில் வந்துவிட்டால் கை தானாக நகரும். வராவிட்டால் எவ்வளவு பழகிய கையும் நடுங்கும். என்னோடு பயின்ற ஒரு தம்பி கைவேலையில் எங்கள் எல்லோரையும் விடக் கெட்டிக்காரன். ரூலெட்டில் அவனைத் தேற விடவில்லை. எந்த இடத்தில் மதிப்பெண் போனது என்று அவனுக்கு யாரும் காட்டவும் இல்லை. தாளில் 'தேறவில்லை' என்று ஒரு சொல், அவ்வளவுதான். இது எனக்கு இன்னும் ஆறவில்லை. மறுதேர்வுக்கு வரச் சொல்பவர்கள் எதைத் திருத்த வேண்டும் என்றாவது சொல்ல வேண்டாமா?

சரி, ரூலெட்டுக்கு வருவோம். வென்ற ஒரு சிப்புக்கு எத்தனை சிப் கொடுக்க வேண்டும் என்றால், ஒற்றை எண்ணுக்கு 35, இரண்டு எண்ணுக்கு இடையே நடுக்கோட்டில் வைத்தால் 17, மூன்று எண் வரிசைக்கு 11, நான்கு எண் மூலைக்கு 8, ஆறு எண்ணுக்கு 5. இதை மனப்பாடம் செய்யாதவர் யாருமில்லை. ஆனால் இந்த ஐந்தும் ஒரே கணக்கிலிருந்து வருகின்றன என்பதை வகுப்பில் யாரும் சொல்லித் தரவில்லை. 36-ஐ எத்தனை எண்ணுக்கு வைத்தார்களோ அத்தனையால் வகுத்து, ஒன்றைக் கழியுங்கள். அவ்வளவுதான். இது புரிந்துவிட்டால் அடுத்தது தானே தெரியும்: இரண்டு மூலை சேர்ந்தால் 16, அதாவது ஒரு 17-க்கு ஒன்று குறைவு. இரண்டு 17 சேர்ந்தால் 34, அதாவது ஒரு 35-க்கு ஒன்று குறைவு. இரண்டு ஆறெண் வரிசை 10, மூன்றெண் வரிசைக்கு ஒன்று குறைவு.

எண் 17 விழுகிறது. ஒரே நிறச் சிப்ஸ்: எண்ணின் மேல் மூன்று, நடுக்கோடுகளில் ஐந்து, மூலைகளில் இரண்டு. வகுப்பில் சொல்லிக் கொடுத்தபடி 105, 85, 16 என்று மூன்று பெருக்கல் செய்து கூட்டினால் 206. என் வழியில், இரண்டு மூலையை ஒரு 17 ஆக்கிவிட்டு ஒன்றைக் கழிக்கிறேன். இப்போது நடுக்கோடு ஆறு. ஆறும் மூன்று 35 ஆகிறது, மூன்றைக் கழிக்கிறேன். ஆக மொத்தம் ஆறு 35, அதில் நான்கு குறைவு. 210-இல் நான்கு போனால் 206. வாய்ப்பாடு தெரிந்தவருக்கு மூச்சு விடும் நேரம்கூட ஆகாது.

அடுத்து நிறச் சிப்ஸை (ஆளுக்கொரு நிறம், மேலே தொகை இருக்காது) மதிப்புச் சிப்ஸாக (மேலே தொகை இருப்பது) மாற்றும் கேள்வி. ஒரு சிப் 5 வெள்ளி (டாலர்) என்றால் 206 சிப் 1,030 வெள்ளி. 1,000 வெள்ளியை மதிப்புச் சிப்ஸாகத் தள்ளி, மீதி ஆறு நிறச் சிப்ஸாகக் கொடுத்துவிடலாம். இங்கேதான் நிறையப் பேர் 30 வெள்ளியை எப்படிக் கொடுப்பது என்று யோசித்து நின்றுவிடுகிறார்கள். சிப் எண்ணிக்கையிலேயே இருங்கள். 200 சிப் ஆயிரம் வெள்ளி, மீதி ஆறு. வெள்ளிக்கு மாறி மறுபடி சிப்புக்கு வருவது வீண் வேலை.

மேசையில் எண்கள் மூன்று பத்தியாக இருக்கும். ஓர் எண்ணைச் சுற்றிச் சிப்ஸ் வைக்கும் அமைப்பைப் படம் என்போம். மனப்பாடமாக இருக்க வேண்டிய இரண்டு படங்கள்:

நடுப் பத்தி எண்ணைச் சுற்றி எல்லா இடத்திலும் ஒவ்வொரு சிப்: எண் 35, நான்கு நடுக்கோடு 68, நான்கு மூலை 32. மொத்தம் 135.

ஓரப் பத்தி எண், உதாரணமாக 18: எண் 35, மூன்று நடுக்கோடு 51, இரண்டு மூலை 16. மொத்தம் 102.

தேர்வாளர் பெரும்பாலும் இந்தப் படங்களில் ஒன்றிரண்டு சிப்ஸை எடுத்தோ சேர்த்தோதான் வைப்பார். முழுப் படத்தின் தொகை தெரிந்தால் இல்லாததைக் கழித்தால் போதும். மூன்று மூலை மட்டும் இருந்தால் 127. ஒரு நடுக்கோடு இல்லையென்றால் 118. எனக்கு வந்த சிக்கலான கேள்வியும் இப்படிக் கழிக்கும் வகைதான்.

பதினேழாம் வாய்ப்பாட்டைப் படிக்கும் முறை: 20-இல் பெருக்கி மூன்று மடங்கைக் கழியுங்கள். 17 எட்டு என்றால் 160 கழித்தல் 24, அதாவது 136. முதலில் இப்படிச் செய்து பாருங்கள். பிறகு இதுவும் தேவைப்படாமல் விடை மட்டும் நிற்கும். நான் வாய்விட்டுத் தமிழில்தான் சொல்லிப் படித்தேன், தொடக்கப்பள்ளியில் ஒப்பித்த அதே ராகத்தில். பேருந்தில், சமைக்கும்போது, எம்ஆர்டி ரயிலில் நின்றுகொண்டு. இருபது வரைக்கும் போக வேண்டும், பன்னிரண்டோடு நிறுத்தினால் பற்றாது.

இன்னொன்று. நான் கூட்டத்தோடு படிக்கிற ஆள் இல்லை. விடியற்காலையில் தனியாக உட்கார்ந்தால்தான் எனக்கு ஓடும். நண்பர்கள் ஒன்றுகூடி மாறி மாறி டீலராக நின்று பழகினார்கள், நான் இரண்டு முறை போய்விட்டு நிறுத்திவிட்டேன். அங்கே பேச்சு அதிகம், கணக்கு குறைவு. உங்களுக்கு எப்படியோ, என்னைக் கேட்டால் தனியாகப் பழகுங்கள் என்றுதான் சொல்வேன்.

கைவேலைக்குச் சுருக்கமாக:

பிளாஸ்டிக் பொம்மைச் சிப்ஸ் வாங்காதீர்கள், எடை இல்லாமல் கை தப்பாகப் பழகிவிடும்.

இருபது சிப்ஸ் ஓர் அடுக்கு. அதை ஐந்து ஐந்தாக நான்காக வெட்டிக் காட்டுவதைக் கண்ணை மூடிக்கொண்டு செய்யும் அளவுக்குப் பழகுங்கள்.

சிதறிக் கிடக்கும் சிப்ஸை நிறம் பிரித்து அடுக்க இப்போது இயந்திரம் இருக்கிறது. டெஸ்ட்டில் கையால்தான்.

மேசையை விட்டுக் கை விலகும்போதெல்லாம் உள்ளங்கையை விரித்துக் காட்டுங்கள். மேலே கேமரா இல்லாத பயிற்சி அறையிலும்.

பக்காரா. ஆசியக் கேசினோக்களில் அதிக மேசை இதற்குத்தான், ஆகவே வேலை வேண்டுமென்றால் இதில் தடுமாறவே கூடாது. பிளேயர், பேங்கர் என்று இரண்டு பக்கம், கூட்டுத்தொகையின் கடைசி இலக்கம் 9-க்கு அருகில் இருக்கும் பக்கம் வெல்லும். பத்தும் படச் சீட்டுகளும் பூஜ்யம், ஏஸ் ஒன்று, இரண்டு சீட்டில் 8 அல்லது 9 வந்தால் ஆட்டம் அங்கேயே முடிந்தது, பிளேயர் 5 வரை சீட்டு எடுப்பார், 6, 7-இல் நிற்பார். இவ்வளவும் எல்லோருக்கும் வரும். பேங்கரின் மூன்றாம் சீட்டில்தான் ஆட்கள் விழுகிறார்கள். அட்டவணையாகப் படிக்காமல் எல்லையாகப் படித்தால் சுலபம். பிளேயர் மூன்றாம் சீட்டு எடுத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பேங்கரிடம் 0 முதல் 2 இருந்தால் எப்போதும் எடுக்கும். 3 இருந்தால், பிளேயரின் மூன்றாம் சீட்டு 8 தவிர எதற்கும் எடுக்கும். அதற்கு மேல் மேலெல்லை மாறவே மாறாது, அது 7. கீழெல்லைதான் இரண்டிரண்டாக ஏறும்: பேங்கர் 4 என்றால் 2 முதல் 7, 5 என்றால் 4 முதல் 7, 6 என்றால் 6, 7 மட்டும். பேங்கர் 7-இல் நிற்கும். பிளேயர் மூன்றாம் சீட்டு எடுக்கவே இல்லையென்றால் பேங்கரும் பிளேயர் மாதிரியே, 5 வரை எடுக்கும்.

பேங்கர் வென்றால் 5% கமிஷன். பத்தில் ஒன்று, அதில் பாதி. 350-க்கு 35, பாதி 17.50. 1,150-க்கு 115, பாதி 57.50. கமிஷன் இல்லாத மேசையில் பேங்கர் 6-இல் வென்றால் பாதிதான் கொடுக்க வேண்டும். கமிஷன் மேசையிலேயே பழகியவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

பிளாக்ஜாக்கைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. சீட்டைக் கூட்டத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. ஏஸ் ஒன்றாகவும் பதினொன்றாகவும் எண்ணப்படும் என்பதால், அது இருக்கும் கையை மட்டும் இரண்டு எண்ணாகச் சொல்லப் பழகுங்கள், "ஏழு அல்லது பதினேழு" என்று. பிளாக்ஜாக்குக்கு, அதாவது முதல் இரண்டு சீட்டிலேயே 21 வந்தால், 2-க்கு 3 என்றால் ஒன்றரை மடங்கு, 25-க்கு 37.50, 35-க்கு 52.50. 5-க்கு 6 கொடுக்கும் மேசையில் 100 வெள்ளிக்கு 150-க்குப் பதில் 120 மட்டும். அந்த ஒரு மாற்றத்தாலேயே கேசினோவின் சாதகம் (வைக்கும் பணத்தில் சராசரியாகக் கேசினோவுக்குச் சேரும் பங்கு) ஏறக்குறைய 1.4% கூடிவிடுகிறது. இது வாய்மொழிக் கேள்வியாக வரக்கூடியது. எப்போது சீட்டு கேட்பது, எப்போது நிற்பது என்ற அடிப்படை முறையை முதலில் முறையாகக் கணக்கிட்டு 1956-இல் வெளியிட்டவர்கள் அமெரிக்க ராணுவத்தில் இருந்த நான்கு பேர், மேசைக் கணக்குப்பொறியை வைத்துக்கொண்டு. கணினி இல்லை. கணக்கு வராது என்று சொல்லும் தம்பி தங்கச்சிகளிடம் நான் இதைத்தான் சொல்வேன்.

வாய்மொழிக் கேள்விகளுக்கு இந்த எண்கள் கையில் இருக்கட்டும். ஒற்றைப் பூஜ்யச் சக்கரத்தில் 37 குழி, கேசினோவின் சாதகம் 2.70%. இரட்டைப் பூஜ்யத்தில் 38 குழி, 5.26%. பக்காராவில் பேங்கர் பக்கம் 1.06%, பிளேயர் பக்கம் 1.24%, டை (இரண்டு பக்கமும் சமம்) என்று வைப்பதற்கு 1-க்கு 8 கொடுத்தால் 14.36%. நூறு ஆட்டத்தில் டை சராசரியாக ஒன்பது பத்து தடவைதான் வரும், அதற்கு எட்டு மடங்குதான் கொடுக்கிறார்கள் என்று சொன்னால் தேர்வாளருக்கு உங்களுக்குப் புரிந்திருக்கிறது என்று தெரியும்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும் என்று தோன்றுகிறது. மேசைக்கு மேலே பலகையில் முந்தைய முடிவுகள் ஓடிக்கொண்டே இருக்கும். வாடிக்கையாளர்கள் அதைப் பார்த்துவிட்டு "ஆறு தடவை கறுப்பு வந்துவிட்டது, இனி சிவப்புதானே?" என்று டீலரிடம் கேட்பார்கள். 1913 ஆகஸ்ட் 18 அன்று மான்டி கார்லோவில் கறுப்பு தொடர்ந்து 26 தடவை விழுந்தது. அடுத்தது சிவப்பு, அடுத்தது சிவப்பு என்று வைத்தவர்கள் பெரும் பணத்தை இழந்தார்கள். இருபத்தேழாவது சுற்றிலும் சிவப்புக்கு இருந்தது அதே 37-இல் 18 வாய்ப்புதான். சக்கரத்துக்கு ஞாபகம் கிடையாது. டீலர் மேசையில் ஆலோசனை சொல்லக் கூடாது, சரி. ஆனால் இந்தக் கணக்கைக் கற்ற பிறகு, வீட்டில் யாராவது கேசினோவுக்குப் போகக் கிளம்பினால் நான் சும்மா இருக்க மாட்டேன். சிங்கப்பூர்க் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் உள்ளே போகவே 24 மணி நேரத்துக்கு 150 வெள்ளி கட்டுகிறார்கள், 2019-க்கு முன் அது 100. முதல் சிப் வைக்கும் முன்பே 150 வெள்ளி போயாகிவிட்டது. என் மாமா ஒருவரிடம் இதைத் தாளில் எழுதிக் காட்டினேன். எதிர்த்து ஒன்றும் சொல்லவில்லை. அவர் போகாமல் இருக்க வேண்டும் என்பதே என் விருப்பம்.

டெஸ்ட் நாளுக்கு:

நகத்தை முந்தின நாளே வெட்டிவிடுங்கள். அன்று காலையில் வெட்டினால் சீட்டு பிடிக்கும்போது விரல் நுனி கூசும்.

தொகையை வாய்விட்டுச் சொல்லிவிட்டுக் கொடுங்கள். சொல்லும்போதே தப்பு தெரிந்தால் திருத்தலாம், தள்ளிய பிறகு முடியாது.

பந்து வெளியே துள்ளினாலோ, சீட்டு தெரியாமல் திரும்பிவிட்டாலோ, நீங்களே சரிசெய்யக் கை நீட்டாதீர்கள். கையை நிறுத்தி, சூப்பர்வைசரைக் கூப்பிடுங்கள். இது வேண்டுமென்றே வைக்கப்படும் சோதனை.

சக்கரத்தில் அண்டை எண்களைக் கேட்பார்கள். 17-க்கு இரண்டு பக்கமும் 25, 34. அதற்கு வெளியே 2, 6. சக்கர வரிசை முழுக்கத் தெரிய வேண்டும்.

தேர்வாளர் பேச்சுக் கொடுப்பார். கணக்கு முடியும்வரை பதில் சொல்ல வேண்டாம், புன்னகை போதும்.

தேறிய பிறகும் உடனே மேசைக்கு விடமாட்டார்கள். சூதாட்ட ஒழுங்குமுறை ஆணையத்தின் சிறப்பு ஊழியர் உரிமம் வேண்டும், பின்னணி விசாரணை உண்டு. கடன் விவரம், பழைய முகவரி, முந்தைய வேலை எல்லாவற்றையும் முன்கூட்டியே எடுத்து வையுங்கள். உரிமம் வரும்வரை இருக்கும் இடைவெளியில்தான் பலருக்குக் கணக்கு துருப்பிடிக்கிறது. முதலில் பெரும்பாலும் பக்காரா மேசையில்தான் நிறுத்துவார்கள் என்பதால், பேங்கரின் மூன்றாம் சீட்டை மட்டுமாவது தினமும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள், பதினேழாம் வாய்ப்பாட்டோடு சேர்த்து.