சேலத்திலிருந்து லண்டன்: தூரம் 8,180 கிலோமீட்டர், நேரம்?

சேலத்துக்கும் லண்டனுக்கும் வான்வழி நேர்தூரம் ஏறத்தாழ 8,180 கிலோமீட்டர். இதை மணிக்கு 900 கிலோமீட்டர் என்று வகுத்து, "ஒன்பது மணி நேரம்தானே" என்பவர்கள் நிறைய. வீட்டுக் கதவைப் பூட்டியதிலிருந்து கணக்குப் போட்டால் இருபது மணி நேரம் ஆகும். அதில் பாதி தரையிலேயே கழிகிறது.

சேலம் விமான நிலையம் இருக்கும் கமலாபுரத்திலிருந்து வெளிநாட்டு விமானம் கிடையாது. லண்டனுக்கு நேரடியாகப் போக பெங்களூருதான் வசதி. ஆனால் விமான நிலையம் ஊருக்கு வடக்கே தேவனஹள்ளியில் இருக்கிறது. சேலத்திலிருந்து பெங்களூரு 200 கிலோமீட்டர். நகரைக் கடந்து போக இன்னும் 40. தொப்பூர் கணவாயில் ஒரு லாரி கவிழ்ந்து கிடந்தால் ஒரு மணி நேரம் போய்விடும். அதைத் தாண்டினாலும் பெங்களூருவின் நெரிசல் மிகுந்த சந்திப்புகளான சில்க் போர்டும் ஹெப்பாலும் காத்திருக்கின்றன. காலை எட்டு மணிக்கு மேல் நகருக்குள் நுழையவே கூடாது. அத்திப்பள்ளியில் திரும்பி சர்ஜாபூர், ஹோஸ்கோட்டை வழியாகப் போவதும் ஒரு வழி.

பின்னாலிருந்து கணக்குப் போடுங்கள். விமானம் மதியம் 1.30 என்றால் 10.30-க்கு அங்கே இருக்க வேண்டும். சாலைக்கு ஆறு மணி நேரம் ஒதுக்கினால் சேலத்தில் காலை 4.30-க்கு வண்டி கிளம்ப வேண்டும். ஏற்காட்டிலிருந்து வருபவர்கள் கொண்டை ஊசி வளைவுகளுக்கென்று இன்னும் ஒரு மணி நேரம் சேர்த்துக்கொள்ளுங்கள்; பனிமூட்டக் காலத்தில் முந்தைய இரவே இறங்கிவிடுவது நல்லது.

டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். 1.30-க்குக் கிளம்பி இரவு 7.00-க்கு லண்டன் என்றிருந்தால் அது ஐந்தரை மணி நேரப் பயணமல்ல. மார்ச் கடைசி ஞாயிறிலிருந்து அக்டோபர் கடைசி ஞாயிறு வரை லண்டன் நம்மைவிட நாலரை மணி நேரம் பின்னால். ஆகவே பயணம் பத்து மணி நேரம். குளிர்காலத்தில் ஐந்தரை மணி நேரம் பின்னால். அதே டிக்கெட் பதினொரு மணி நேரம். மேலே மேற்கிலிருந்து கிழக்காக வீசும் காற்று போகும்போது எதிர்க்காற்று, திரும்பும்போது பின்காற்று. அதனால் திரும்பி வரும் பயணம் ஏறத்தாழ ஒரு மணி நேரம் குறையும்.

துபாய் வழியாகப் போவது சுற்று வழி என்று பலர் ஒதுக்குகிறார்கள். பெங்களூரு–துபாய் 2,700, துபாய்–லண்டன் 5,500, மொத்தம் 8,200 கிலோமீட்டர். நேரே போனால் 8,050. வித்தியாசம் 150 கிலோமீட்டர்தான், பத்து நிமிடப் பறப்பு! நேரத்தைத் தின்பது துபாயில் காத்திருப்பதுதான். இடைவெளி இரண்டிலிருந்து நான்கு மணி நேரம் இருக்கும் டிக்கெட்டாகப் பாருங்கள்.

கமலாபுரத்திலிருந்து பெங்களூருக்குச் சிறிய விமானத்தில் போய் அங்கே மாறுவதானால், இரண்டு பயணமும் ஒரே பி.என்.ஆரில் இருக்கட்டும். தனித்தனி டிக்கெட் என்றால் பெட்டியை நீங்களே எடுத்து மறுபடி செக்-இன் செய்ய வேண்டும். முதல் விமானம் தாமதமானால் அடுத்ததைத் தவறவிட்ட நஷ்டமும் உங்களுடையது. அப்படித்தான் போக வேண்டும் என்றால் நடுவில் ஆறு மணி நேரமாவது விடுங்கள்.